அவனே தேடிக்கொண்டதா?

கள்ளச்சாராயம் குடித்துக் கண்ணை இழந்த ஒருவனைப் பற்றி நம் ஊர்களில் பேச்சு எழும்போது, பெரும்பாலும் அது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: “அவனே தேடிக்கொண்டது, நாம் என்ன செய்ய முடியும்?” இவ்வாறு சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலியில் பங்கேற்பவர்கள். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தையைக் கண்டால் மனம் கசிபவர்கள். விபத்தில் கண்ணிழந்தவனுக்குத் தங்களால் இயன்றதைக் கொடுப்பவர்கள். ஆயினும் சாராயத்தால் கண்ணிழந்தவன் முன் அவர்களது இரக்கம் தயங்கி நின்றுவிடுகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும் என்ற பழமொழியும் துணைக்கு வருகிறது. தன் துன்பத்தைத் தானே வருவித்துக்கொண்ட மனிதனுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோமா? இதுவே நம் முன் நிற்கும் அறநெறிக் கேள்வி.

இக்கேள்வி நமக்குத் தொலைவில் உள்ளதன்று. கண்டாச்சிபுரத்திற்குக் கிழக்கே மரக்காணம், தென்மேற்கே கள்ளக்குறிச்சி. 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பிலும், அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர்களிலும் நச்சுச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓராண்டு கழித்து, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கள்ளக்குறிச்சி, 2019-ஆம் ஆண்டு வரை நம் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கும் முன், 2001-ஆம் ஆண்டின் இறுதியில், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பகுதியில் இதே நஞ்சு 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

ஒவ்வொரு முறையும் நாம் இறந்தவர்களை எண்ணுகிறோம். எண்ணிக்கை நிற்கும் நாளில் செய்தியும் நின்றுவிடுகிறது. ஆனால் உயிர் பிழைத்தவர்களுள் சிலர் பார்வையின்றி வீடு திரும்புகின்றனர். அவர்கள் இறந்தோர் கணக்கிலும் இல்லை; நலம் பெற்றோர் கணக்கிலும் உண்மையில் இல்லை. மேற்கண்ட கேள்வியை இவர்களை முன்னிறுத்தியே சிந்திக்க விழைகிறேன்.

நஞ்சின் வழி

முதலில், நடந்தது என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் அளிக்கும் தீர்ப்பு நேர்மையான தீர்ப்பாகாது.

மதுவில் போதை தருவது எத்தனால் எனப்படும் எரிசாராயம். மெத்தனால் அதன் நெருங்கிய உறவு. வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய், வேதிப்பொருள் ஆலைகளில் பயன்படுவது. இரண்டும் நிறமற்றவை, மணத்திலும் சுவையிலும் குடிப்பவன் வேறுபாடு காண இயலாது. தொழிற்சாலைக்கென வந்த மெத்தனால் கள்ள வணிகர் கைக்குப் போய், நீரோடு கலந்து பாக்கெட்டுகளில் அடைக்கப்படும்போது, வாங்குபவன் அதைச் சாராயம் என்றே நம்பி வாங்குகிறான். சுமார் 10 மில்லி லிட்டர் தூய மெத்தனாலே ஒருவரைக் குருடாக்கப் போதுமானது. 30 மில்லி லிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.

மெத்தனால் உடலுக்குள் சென்றவுடன் பெருந்தீங்கு செய்வதில்லை. நம் கல்லீரல் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுரீரென்று எரியச் செய்யும் அதே அமிலம்தான் இது. இரத்தத்தில் இது பெருகும்போது, உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கின்றன. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு இத்தாக்குதலை முதலில் உணரும் உறுப்புகளில் ஒன்று. கண்முன் பனி படர்ந்தாற்போல எல்லாம் வெளுத்துத் தெரிவதாக நோயாளிகள் சொல்வர். பின்னர் அந்த வெண்மையும் இருளாகிவிடலாம்.

இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. குடித்தவன் இரவு உறங்கி, காலையில் எழுந்து, வழக்கமான தலைவலி என்று எண்ணி வேலைக்கும் போய்விடலாம். அந்த இடைவெளிதான் மருத்துவத்தின் நேரம். எத்தனாலையோ ஃபோமெபிசோல் என்னும் மருந்தையோ உரிய அளவில் செலுத்தினால், கல்லீரல் மெத்தனாலை நஞ்சாக்குவதைத் தடுக்கலாம். அமிலத்தை ஈடுசெய்யலாம்; டயாலிசிஸ் மூலம் இரத்தத்தைத் தூய்மைப்படுத்தலாம். விரைந்து வந்தவன் உயிரோடு பார்வையையும் காத்துக்கொள்ள வாய்ப்புண்டு. காலம் கடந்து வந்தவனுக்கு உயிர் மிஞ்சினாலும் பார்வை மிஞ்சுவது அரிது.

அப்படியானால் ஏன் காலம் கடக்கிறது? அறியாமை ஒரு காரணம். கள்ளச்சாராயம் குடித்ததை ஒப்புக்கொண்டால் காவல்துறை வருமோ என்ற அச்சம் மற்றொன்று. இவற்றினும் ஆழமான காரணம் வெட்கம். “வயிற்றுவலி” என்றும் “ஒவ்வாத உணவு” என்றும் மருத்துவரிடம் சொல்பவன், குடித்ததை மட்டும் சொல்வதில்லை. மனைவியும் தெருவறியச் சொல்ல அஞ்சுகிறாள். மருத்துவருக்குத் தேவையான ஒரே உண்மை, மிகத் தேவையான நேரத்தில் மறைக்கப்படுகிறது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். “அவனே தேடிக்கொண்டது” என்னும் தீர்ப்பை, நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி நாம் பின்னர் சொல்லும் சொல் என்று கருதுகிறோம். உண்மையில் அது முன்னரே வேலை செய்கிறது. நாம் என்ன சொல்வோம் என்பது அவனுக்கு முன்பே தெரியும். அண்டை வீட்டுக்காரனுக்கு நேர்ந்தபோது நாம் சொன்னதை அவன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். அச்சொல்தான் அவன் வாயைக் கட்டிப்போடுகிறது. அவன் கண்களைக் காத்திருக்கக்கூடிய மணித்துளிகளை விழுங்கிவிடுகிறது. நம் தீர்ப்பு அவனது துன்பத்தை விளக்குவதோடு நிற்பதில்லை. அத்துன்பம் உருவாவதிலும் பங்கேற்கிறது.

அவன் தேடியது எது?

இதனால் குடிப்பழக்கம் குற்றமற்றது என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். கள்ளுண்ணாமைக்கென ஒரு தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மண் இது. குடியால் சிதைந்த குடும்பங்களை எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். பள்ளிக் கட்டணத்தையும் மனைவியின் கூலியையும் குடித்துவிட்டவனின் செயல் பாவம் அன்று என்று சொல்ல எந்த இறையியலும் இல்லை.

ஆனால் நம் அறநெறி இறையியல் பாகுபடுத்தி நோக்கும்படி நமக்குக் கற்பித்துள்ளது. ஒரு செயலுக்கு மனிதன் முழுப் பொறுப்பேற்க வேண்டுமெனில், முழு அறிவும் முழு இசைவும் வேண்டும். அறியாமை, அச்சம், வற்புறுத்தல், ஊறிப்போன பழக்கம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கவும் சில வேளைகளில் நீக்கவும் கூடும் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் குடிவெறியைப் பற்றி ஆராயுமிடத்தில், பானத்தின் வீரியம் தெரியாமல் குடித்து மயங்கியவனிடம் பாவம் இல்லை என்று கருதி, நோவாவை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். சாராயத்தின் வீரியம் தெரியாதவனுக்கே இவ்வளவு நியாயம் உண்டென்றால், சாராயம் என்று நம்பி ஆலை நஞ்சைக் குடித்தவனைப் பற்றி என்ன சொல்வது? அவன் தேடியது போதை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது அமிலம். போதையைத் தேடியது அவன் குற்றமே. குருட்டுத்தன்மையை அவன் தேடவில்லை.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். ஒரே இரவில் இருவர் குடிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதச் சம்பளக்காரர். அரசு மதுக்கடையில் வாங்கி, வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார். மற்றவன் கரும்பு வெட்டும் கூலி. கடைவிலைக்குக் கையில் காசில்லாததால் பாக்கெட் சாராயம் வாங்குகிறான். நோக்கம் ஒன்று, அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். மறுநாள் ஒருவர் தலைவலியோடு அலுவலகம் செல்கிறார். மற்றவன் சூரியன் எங்கே என்று கேட்கிறான். குருட்டுத்தன்மை குடியின் தண்டனை என்றால், அது ஏன் ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்டது? ஆண்டவரின் நீதி பையிலுள்ள பணத்தைப் பார்த்தா தீர்ப்பளிக்கிறது? இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு ஒழுக்கத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. ஆகவே ‘அவனே தேடிக்கொண்டது’ என்று சொல்லும்போது, பல நேரங்களில் நாம் பாவத்தைக் கண்டிக்கவில்லை, வறுமையைக் கண்டிக்கிறோம்.

குற்றவாளியைத் தேடுவது தவறா?

குற்றவாளியைத் தேடுவது தவறன்று. அது நீதியின் கடமை. அடுத்தவனைக் குடிக்கவைத்து வெறியேற்றுபவனுக்கு ஐயோ என்று இறைவாக்கினர் அபக்கூக்கு முழங்கினார். பார்வையற்றவன் வழியில் தடைக்கல் வைக்காதே என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. கண்ணைப் பறிக்கும் பானத்தையே விற்பவன் அதனினும் கொடியவன் அல்லவா? மெத்தனாலை ஆலையிலிருந்து கடத்தியவன், கலந்தவன், விற்றவன், கைநீட்டிப் பணம் பெற்றுக் கண்மூடிக்கொண்டவன் என்று இச்சங்கிலியில் பல கண்ணிகள் உள்ளன. 1984-லும் 1987-லும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதிய மடல்கள் இத்தகைய சங்கிலிகளைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. பாவம் கட்டமைப்பாக இறுகிவிடக்கூடும் என்றும், எனினும் அக்கட்டமைப்பு பல தனிமனிதரின் பாவங்கள் சேர்ந்தே உருவாகிறது என்றும் அவர் கற்பித்தார். ‘அமைப்புதான் காரணம்’ என்று கூறி எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

கள்ளக்குறிச்சித் துயரத்திற்குப் பின் மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இவையெல்லாம் தேவையே.

அதே ஆண்டில் வேறொரு வழக்கும் வந்தது. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 10 இலட்ச ரூபாயை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கு அது. குடித்து இறந்தவர்கள் நாட்டுக்காகப் போராடி உயிர்விட்டவர்கள் அல்லரே என்பது அதில் எழுந்த வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தீயணைப்பு வீரனின் மனைவிக்குக் கிடைக்காத தொகை குடித்து மாண்டவன் வீட்டிற்குக் கிடைத்தால், நேர்மையாக உழைப்பவன் மனம் வெதும்புவது இயல்பு. தொகையின் அளவைப் பற்றி அரசும் நீதிமன்றமும் ஆராயட்டும். ஆனால் அடிப்படையான ஒன்றை நாம் மறக்கலாகாது. பரிசு என்பது தகுதி பார்த்துத் தருவது. உதவி என்பது தேவை பார்த்துத் தருவது. கைம்பெண்ணின் அடுப்புக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கொடுப்பது, இறந்தவனின் மார்பில் குத்தும் பதக்கமன்று. சிகிச்சை பெற்றவர்களுக்கு அறிவிக்கப்பட்ட தொகை 50,000 ரூபாய். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இருளில் வாழ வேண்டியவனுக்கு அது எத்தனை மாதத்திற்கு வரும் என்ற கேள்வியை அந்த வாதங்களுக்கிடையே கேட்டவர் அதிகம் இல்லை.

ஆக, குற்றவாளியைத் தேடுவதில் இருவகை உண்டு. நீதி செய்வதற்காகத் தேடுவது ஒன்று. இரக்கத்தினின்று விடுபடுவதற்காகத் தேடுவது மற்றொன்று. முதலாவது தேடல் குற்றவாளியைக் கண்டபின் அவனை நோக்கிச் செல்கிறது. இரண்டாவது தேடல், துன்புறுபவனையே குற்றவாளியாகக் கண்டு, நிம்மதியாக வீடு திரும்புகிறது.

சீடர்களின் கேள்வி

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்டது இந்த இரண்டாம் வகைக் கேள்வியே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்றனர். இயேசு அவர்கள் கேட்ட கணக்கிற்குள் நுழையவே இல்லை. கடவுளின் செயல் இம்மனிதரிடம் வெளிப்பட வேண்டும் என்றும், பகலிருக்கும்போதே அச்செயலை நாம் செய்ய வேண்டும் என்றும் மொழிந்தார். ‘ஏன் வந்தது?’ என்று பின்னோக்கிப் பார்த்த கண்களை, ‘என்ன செய்ய வேண்டும்?’ என்று முன்னோக்கித் திருப்பினார். பின்னர் தரையில் உமிழ்ந்து சேறு உண்டாக்கினார், கையை அழுக்காக்கிக்கொண்டார்.

“அவர் பாவம் செய்யாதவர், இவனோ குடிகாரன்” என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. அதற்கு விடை திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தமஸ்கு செல்லும் வழியில் பார்வை இழந்த சவுல், குற்றமற்றவர் அல்லர். கிறிஸ்தவர்களைக் கட்டி இழுத்துச் செல்ல ஆணை பெற்று வந்தவர். அவரிடம் போகுமாறு ஆண்டவர் அனனியாவை ஏவியபோது, அனனியா தயங்கி, அம்மனிதன் செய்த தீமைகளைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஆண்டவரும் அதை மறுக்கவில்லை. ஆயினும் ‘நீ போ’ என்றார். குற்றம் உண்மையாக இருந்தும் கடமை அப்படியே நின்றது.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சியிலும் இதையே காண்கிறோம். அங்கே பசித்தவரோடும் நோயுற்றவரோடும் சிறையில் இருப்பவரும் இடம் பெறுகிறார். சிறையிலிருப்பவர் எல்லோரும் குற்றமின்றி அங்கே வந்தவர்களா? நீதித்தலைவர் அதைக் கேட்கவில்லை. பார்க்க வந்தாயா என்று மட்டுமே கேட்கிறார்.

இனி நம் பங்கு

விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதியின் பங்குமக்களாகிய நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல, ஆனால் தெளிவானவை.

முதலாவது, உண்மையைச் சொல்வதற்கு ஏற்ற சூழலை உருவாக்க வேண்டும். ஊரில் ஒருவன் வாந்தியும் மங்கிய பார்வையுமாகத் துடித்தால், அவனது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு ஒரு வாரம் பொறுக்கலாம். அவன் என்ன குடித்தான் என்பதை மருத்துவரிடம் சொல்வது ஒரு மணி நேரமும் பொறுக்காது. அவனோடு அமர்ந்து குடித்தவர்கள், இன்னும் நலமாக இருப்பதாக எண்ணினாலும், அவர்களையும் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். கருணாபுரத்தில் இழவு வீட்டிற்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்து மாண்டதாக அப்போது செய்திகள் வந்தன. முதல் சாவின் காரணத்தை உரக்கச் சொல்வது, அடுத்த சாவைத் தடுக்கும் அன்புச் செயல். இதை ஒவ்வோர் அன்பியக் கூட்டத்திலும் சொல்லி வைக்கலாம்.

இரண்டாவது, பார்வை இழந்தவனின் நிலையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவன் கண்கள் வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பழுதின்றி இருக்கும். அதனால் ‘நடிக்கிறான்’ என்பார் உண்டு. கண்தானம் பெற்றுப் பொருத்தலாமே என்பாரும் உண்டு. கண்தானத்தில் பெறப்படும் கருவிழி, கருவிழி பழுதானவர்களுக்கே பயன்படும். இவனுக்கு அழிந்திருப்பது உள்ளேயுள்ள பார்வை நரம்பு. பொய்யான நம்பிக்கை தந்து ஊர் ஊராக அலையவைத்துக் கடனாளியாக்குவதும் ஒரு தீங்கே. அவனுக்குத் தேவை வெண்கோலும், அதைப் பிடித்து நடக்கும் பயிற்சியும், செய்யத்தக்க ஒரு தொழிலும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையின்மையை வரையறுக்கும்போது, எவ்வளவு பார்வை எஞ்சியிருக்கிறது என்பதையே அளக்கிறது; அது யார் செய்த பாவம் என்று கேட்பதில்லை. சீடர்கள் கேட்ட கேள்வியைச் சட்டம் கைவிட்டுவிட்டது. நாம் இன்னும் கைவிடவில்லை. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் உதவித்தொகையும் பெற அவனோடு மாவட்ட அலுவலகத்திற்குப் போய்வர, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பங்கிலிருந்து அனுப்ப முடியாதா? வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு இதைவிடத் தகுந்த பணி எது?

மூன்றாவது, அவன் மனைவி. இரக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் சுமை முழுவதையும் அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுவதுண்டு. நேற்றுவரை அவனது அடியையும் வசையையும் தாங்கியவள், இன்று அவன் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்கிறாள். அவள் கோபப்பட்டால் அதற்கு நியாயம் உண்டு. ‘பொறுத்துக்கொள், தாயே’ என்று அறிவுரை சொல்லுமுன், வாரத்தில் ஒருநாள் அவன் அருகில் அமர்ந்திருக்க ஓர் ஆளையும், அவள் கூலிக்குப் போகும்போது பிள்ளைகளைக் கவனிக்க ஒரு வீட்டையும் ஏற்பாடு செய்வோம். மன்னிப்பை அவளிடம் கேட்க வேண்டியவன் அவன். அதை விரைவில் கொடுத்துவிடுமாறு அவளை நெருக்குவது நம் வேலையன்று.

நான்காவது, அவனது பாவம். ஆம், அதுவும் பேசப்பட வேண்டியதே. ஆனால் உரிய இடத்தில். ஒப்புரவு அருளடையாளத்தில் தன் பாவத்தைத் தானே சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. தெரு அதை முன்னரே அறிக்கையிட்டுத் தண்டனையும் விதித்துவிட்டால், அவன் மனந்திரும்ப எங்கே இடமிருக்கிறது? குடிப்பழக்கம் கண்ணோடு போய்விடுவதில்லை. இருளும் வெறுமையும் அதை மீண்டும் அழைக்கும். அதற்கு மருத்துவமும் வேண்டும். குடியை விட்டவர்களின் துணையும் வேண்டும். அவனைத் தேடி வருவோரும் வேண்டும்.

அனனியா அன்று ‘நேர்த்தெரு’ என்னும் தெருவிலிருந்த அந்த வீட்டிற்குள் நுழைந்தபோது, தான் ஆண்டவரிடம் சொன்ன குற்றப்பட்டியலை அங்கே வாசிக்கவில்லை. பார்வையற்றிருந்தவர் மீது கைகளை வைத்தார்; ‘சகோதரர்’ என்று அழைத்தார். சவுலுக்குப் பார்வை திரும்பியது அதற்குப் பிறகு. நம் ஊரில் கண்ணிழந்தவனுக்குப் பார்வை திரும்பாமலே போகலாம். அவன் திண்ணைக்குச் சென்று, அவன் தோளில் கைவைத்து, ‘அண்ணே’ என்றோ ‘தம்பி’ என்றோ அழைக்க அது ஒரு தடையன்று.